மான்ஸ்டர்: அந்தப் பையனைக் காப்பாற்றியது தப்பா?

நவோகி உராசாவாவின் மங்காவிலிருந்து (ஜப்பானிய காமிக்ஸ்) வந்த இந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) 1986-ல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃபில் தொடங்குகிறது. மேயருக்கு அறுவை செய்யச் சொன்ன மருத்துவமனை உத்தரவை மீறி, மேயருக்கு முன்னாடியே வந்துவிட்ட, தலையில் குண்டு பாய்ந்த சிறுவனுக்கு அறுவை செய்கிறார் டாக்டர் டென்மா. மேயர் இறந்துவிடுகிறார், வருடங்கள் கழித்து அந்தச் சிறுவன் கொலைகாரனாக வந்து நிற்கிறான். என்னைக் கேட்டால் டென்மா அன்று செய்தது சரிதான், மேசையில் கிடப்பவன் நாளைக்கு என்ன ஆவான் என்று யோசித்து வைத்தியம் பார்க்க எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவரே துப்பாக்கியோடு அவனைத் தேடிக் கிளம்பும்போது திட்டவும் மனசு வரவில்லை. 74 எபிசோடுகள், நடுவில் கொஞ்சம் இழுவை. அந்தச் சிறுவனுக்கு முன்பே ஒருமுறை, முதலில் வந்தும் கவனிக்கப்படாமல் செத்துப்போன துருக்கியத் தொழிலாளியின் மனைவி டென்மாவிடம் கதறும் அந்த ஆரம்பக் காட்சிக்காகவே பார்க்கலாம்.