சரக்குத் தொட்டியின் அடிப்புறத்திற்கு லனோலின் பூச்சு: இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கப்படும் லனோலின் என்னும் கொழுப்பாலான துருத்தடுப்புப் பூச்சை என் பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டிக்கு அடியில் அடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் அங்கே இருந்தது தார் கலந்த ரப்பர் பூச்சு. கடைசிவரை கருகருவென்று உறுதியாகத் தெரிந்த அது, ஒரு நாள் ஸ்க்ரூடிரைவரால் தட்டியபோது உள்ளங்கை அகலத்திற்குப் பெயர்ந்து வந்தது; அடியில் தகடு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. இறுகிப்போன பூச்சில் கல் பட்டு ஒரு விரிசல் விழுந்தால் போதும், அதன் வழியே புகும் தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது.

லனோலின் முழுமையாகக் காய்வதில்லை என்பதே அதன் முதல் சிறப்பு. பிசுபிசுப்பாகவே இருப்பதால் சிறு கீறல்களை அதுவே மூடிக்கொள்கிறது, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடுக்குகளுக்குள்ளும் ஊர்ந்து செல்கிறது. தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், இடைவிட்டுப் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டிங்கால் இணைக்கப்படுவதால், இரண்டு வெல்டுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில் சேறும் உப்பும் ஈரத்தோடு தேங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாமல் துரு வளர்வது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே, நாற்புறமும் தெளிக்கும் முனையுள்ள நீண்ட குழாயைச் சட்டங்களின் உள்ளே விட்டு அடிப்பது அவசியம். வெளிப்புறத்தை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு நிறுத்தினால் பாதி வேலைகூட முடிந்ததாகாது.

இந்தப் பூச்சு ஏற்கெனவே உள்ள துருவைப் போக்காது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் அடிப்புறத்தை நன்றாகக் கழுவி, முழுவதும் உலரவிட்டு, உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுத்த பிறகு, எஞ்சிய இடங்களில் டானிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவத்தைத் தடவினேன். செம்பழுப்பு நிறம் கருநீலமாக மாறுவது அமிலம் துருவோடு வினைபுரிந்ததற்கான அடையாளம். துத்தநாகம் மிகுந்த பிரைமர் என்னும் அடிப்பூச்சை இதற்கு மேல் அடிப்பவர்களும் உண்டு. வெற்று இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் துத்தநாகம் தன்னை அரித்துக்கொடுத்து இரும்பைக் காக்கும் என்பதால் அது வீண் செலவு. ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கும் அளவுக்கு அரித்துப்போன தகட்டை எந்தப் பூச்சும் மீட்காது. வெட்டியெடுத்து வெல்டிங் செய்ய வேண்டியதுதான்.

குறைகளும் உண்டு. கம்பளி வாடை சில வாரங்கள் நீடித்தது, பூச்சின் மேல் புழுதி ஒட்டுகிறது, அடியில் வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் கையும் சட்டையும் பிசுக்காகின்றன. பிரேக் பாகங்களிலும் சைலன்சரிலும் கட்டாயம் படக்கூடாது. இயற்கை ரப்பராலான புஷ்களையும் (பாகங்கள் இணையும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் உறைகள்) மூடிவிட்டு அடிப்பதே பாதுகாப்பு. தொட்டியின் வடிகால் துளைகள் அடைபடவில்லையா என்று முடிவில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் ஆண்டுச் சோதனையில் குறுக்குச் சட்டங்களின் உட்புறத்தில் புதிய துரு ஏதும் தென்படவில்லை. பின்சக்கரங்களுக்கு நேர் மேலே உள்ள பகுதியில் மட்டும், தண்ணீரும் கல்லும் ஓயாமல் அடிப்பதால், முதல் ஆண்டிலேயே பூச்சு கரைந்திருந்தது. அங்கே ஆண்டுதோறும் ஒருமுறை மறுபூச்சு அடிக்கிறேன்.