மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர்: பிசிஓஎஸ்ஸுக்காக 14 மாதம் எடுத்த பிறகு

“உனக்குச் சுகரா?” என்றுதான் அக்கா முதலில் கேட்டாள். மெட்ஃபார்மின் மாத்திரை அட்டை அவள் கையில் இருந்தது. எனக்குச் சுகர் இல்லை. பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறது, வயது 31. அதற்கு எதற்குச் சுகர் மாத்திரை என்று அன்றைக்கு எனக்கும்தான் விளங்கவில்லை. இப்போது 14 மாதம் ஆகிறது. மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் போல முழிக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் ஐந்து வருடம் வீணாகப் போனது. முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “நீர்க்கட்டி இருக்கு, வெயிட்டைக் குறைச்சுட்டு வாங்க” என்றார். பீரியட்ஸ் வர மாத்திரை தருவார். சாப்பிட்டால் வரும், விட்டால் நின்றுவிடும். என் கழுத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது, தொட்டால் வெல்வெட் மாதிரி தடிப்பாக இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தோல் எரியும் வரை தேய்த்திருக்கிறேன். முடியை விரித்துப்போட்டு மறைத்திருக்கிறேன். இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இரண்டாவதாகப் போன டாக்டர்தான் முடியை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டுச் செய்யும் டெஸ்ட் எழுதினார். வெறும் வயிற்றில் 93, எந்தக் குறையும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து 161. அது 140க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். ஃபாஸ்டிங் மட்டும் பார்த்திருந்தால் ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அப்புறம் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். தசையும் கல்லீரலும் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. ஆனால் சினைப்பை அப்படி இல்லை. கூடுதலாக வரும் இன்சுலினுக்கு அது நன்றாகவே காது கொடுத்து, ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அந்த ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்க ரத்தத்தில் ஒரு புரதம் உண்டு. கல்லீரலில் உருவாகும் அந்தப் புரதத்தையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. பிடி தளர்ந்த ஹார்மோன்தான் தாடையில் முடியாக, முகத்தில் பருவாகத் தெரிகிறது. முட்டைகளும் பாதி வளர்ந்து நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் தெரிவது அப்படி நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள்தான், கட்டியே இல்லை. ‘நீர்க்கட்டி’ என்ற ஒரு வார்த்தைக்காக, ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்குமோ என்று ஐந்து வருடம் பயந்திருக்கிறேன். பிசிஓஎஸ் உள்ள எல்லாருக்கும் இன்சுலின் பிரச்சினை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒல்லியாக இருப்பதாலேயே வராது என்றும் இல்லை.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். அட்டையைப் பிரித்ததும் லேசாக மீன் வாடை அடிக்கும், கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். முதலில் கொடுத்தது சாதாரண ரகம். மூன்று வாரம் வயிறு படாத பாடு பட்டது. வெளியே கிளம்பினால் பாத்ரூம் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். டாக்டர் மெதுவாகக் கரையும் எக்ஸ்ஆருக்கு மாற்றி, இரவுச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி 1500க்குக் கொண்டுவந்தார். வயிறு அடங்கியது. மாத்திரை பெரிது, நிறையத் தண்ணீர் வேண்டும், உடைக்கவோ மெல்லவோ கூடாது. ஒருநாள் காலையில் டாய்லெட்டில் முழு மாத்திரை அப்படியே கிடந்ததைப் பார்த்துப் பதறிப்போய் ஃபோன் செய்தேன். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெளியே வந்தது வெறும் கூடு என்றார்கள். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம்.

பலன் உடனே தெரியவில்லை. முந்தைய வருடம் தானாக வந்த பீரியட்ஸ் மூன்றே தடவை. மாத்திரை தொடங்கி நாலாவது மாதம் தானாக வந்தது. அதற்கப்புறம் இடைவெளி 44 நாள், 38, 41, 35 என்று போனது. போன மூன்று தடவையும் 35 நாளைத் தாண்டவில்லை. கழுத்துப் பட்டை எட்டாவது மாதத்தில் வெளுக்க ஆரம்பித்தது. குளுக்கோஸ் டெஸ்டில் 161 இருந்தது இப்போது 131. எடை குறைந்தது 3 கிலோதான், மெலிவதற்காக இதை எடுக்க நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தாடை முடியில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குக் கருத்தடை மாத்திரைதான் நன்றாக வேலை செய்யுமாம். எனக்குக் கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வரும் என்பதால் அது கூடாது என்றார் டாக்டர்.

இத்தனையும் மாத்திரையால் மட்டும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். வாரத்துக்கு மூன்று நாள் எடை தூக்கிப் பயிற்சி செய்கிறேன். வேலை செய்யும் தசை, இன்சுலின் கதவைத் தட்டாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கடைக்குப் போய் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். ஆரம்பிக்கும் முன் சிறுநீரக டெஸ்ட் பார்க்க வேண்டும். நாள்பட எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், நான் போன மாதம் பார்த்தேன், சரியாக இருக்கிறது. முட்டை வெளிவர ஆரம்பித்தால் கருவும் தங்கலாம், வேண்டாம் என்பவர்கள் பாதுகாப்பாக இருங்கள். குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு இதைவிட, முட்டை வெளிவர உதவும் லெட்ரோசோல் மாத்திரையைத்தான் பிசிஓஎஸ்ஸுக்கான 2023 சர்வதேச வழிகாட்டுதல் முதலில் வைக்கிறது. எந்த மாத்திரை எடுத்தாலும் சரி, 90 நாளுக்கு மேல் பீரியட்ஸ் வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போவது நல்லதில்லை.

பிசிஓஎஸ் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. போன வாரம் அக்கா ஃபோன் செய்தாள். மகளுக்குப் பின்னல் போடும்போது கழுத்தைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு 17 வயது. வெள்ளிக்கிழமை குளுக்கோஸ் டெஸ்டுக்கு நானும் கூடப் போகிறேன்.