குதிப்பதற்கும் ஓர் அகராதி: சில வருடப் பழக்கத்தில்

கொலொகேஷன் அகராதியில் சொல்லுக்கு அர்த்தம் பெரும்பாலும் இருக்காது. ஒரு சொல்லோடு எந்த வினை, எந்த அடைமொழி, எந்த ப்ரிபொசிஷன் சேரும் என்பதுதான் இருக்கும். நேரு ஸ்டேடியத்தில் நடக்கும் தடகளப் போட்டிகளுக்கு ஆங்கிலத்தில் செய்திக்குறிப்பு எழுதித் தருபவன் நான். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கிய ஒன்று சில வருடங்களாக என் மேஜையில் கிடக்கிறது. அதிகம் கசங்கியவை 'ஜம்ப்', 'லீப்' பக்கங்கள்தான்.

நமக்குத் 'தாண்டினான்' என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் 'ஜம்ப்' பெயர்ச்சொல்லாக வந்துவிட்டால் அதற்கு 'மேக்', 'டூ', 'டேக்' என்று ஒரு துணை வினை வேண்டும். இங்கேதான் அகராதி கைகொடுக்கிறது. 'ஸ்டாண்டிங் ஜம்ப்' என்றால் நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, 'ரன்னிங் ஜம்ப்' என்றால் ஓடிவந்து தாண்டுவது. ஆனால் 'டேக் எ ரன்னிங் ஜம்ப்' என்று ஒருவரிடம் சொன்னால் பிரிட்டிஷ் பேச்சில் 'போய்த் தொலை' என்று அர்த்தம்! பயிற்சியாளர்கள் கவனிக்க.

விலைவாசிக் குதிப்புக்கும் நல்ல துணை. 'எ ஷார்ப் ஜம்ப் இன் ப்ரைசஸ்' என்பதில் 'இன்' வர வேண்டும், 'ஆஃப்' வந்தால் அளவைச் சொல்வதாகிவிடும். 'ஜம்ப் அட் த சான்ஸ்' என்றால் வாய்ப்பை ஆவலோடு பற்றிக்கொள்வது, 'ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ்' என்றால் அவசரப்பட்டு முடிவுகட்டுவது என்று ப்ரிபொசிஷன் மாற மாற குதிப்பே வேறாகிறது.

விளையாட்டுக்கு வந்தால் அகராதி பாதி வழியில் விட்டுவிடுகிறது. உயரம் தாண்டுதலில் குறுக்குக் கம்பியைத் தட்டாமல் கடப்பதற்கு 'க்ளியர்' என்பதே வழக்கம். 2016 ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு தங்கம் வென்றதை 'க்ளியர்ட் 1.89 மீட்டர்ஸ்' என்று எழுதலாம். 2023-இல் ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் படைத்த தேசிய சாதனைக்கு 'எ லீப் ஆஃப் 8.42 மீட்டர்ஸ்' பொருத்தம். நம்மூர்ப் பத்திரிகைகள் நீளத்துக்கும் 'க்ளியர்' போடுவதுண்டு. கம்பியே இல்லாத இடத்தில் எதைக் கடப்பது? எனக்கு ஒட்டவில்லை. பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்தத் தாண்டல் சாதனைக் கணக்கில் சேராது, அதற்கு 'விண்ட் அசிஸ்டட்' என்ற அடைமொழி வேண்டும். இதையெல்லாம் 'ஜம்ப்' பக்கத்தில் தேடிப் பயனில்லை. சர்வதேசப் போட்டிச் செய்திகளைப் படித்து ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

இன்னொன்று, நம் 'சிக்னல் ஜம்ப்'. பிரிட்டிஷ்காரர் 'ஜம்ப் த லைட்ஸ்' என்பார், அமெரிக்கர் 'ரன் எ ரெட் லைட்' என்பார். சென்னையில் எழுதும்போது நான் 'சிக்னல்' என்றே விட்டுவிடுகிறேன். அண்ணா சாலையில் பிடிபட்டவருக்கும் அதுதான் புரியும்.

புத்தகம் கனம், மழைக்காலத்தில் தாள் ஊதிக்கொள்கிறது. பேச மட்டும் ஆங்கிலம் வேண்டுபவர்களுக்கு இது தேவையில்லை, வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டுப் புரட்ட முடியாதே. எழுதுகிறவர்கள் வாங்கலாம். பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் சரி, குதிப்பது சம்பந்தமான சேர்க்கைகள் அப்படியொன்றும் மாறிவிடவில்லை.