உப்புக்காற்றுப் பீமுக்கு உருக்கு இழையா, பொலிப்புரொப்பிலீன் இழையா?

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய வீடொன்றின் முன்விறாந்தைப் பீம்களுக்குக் கம்பியோடு, கொங்கிறீற்றுக் கலவையில் கலக்கும் குட்டை இழையும் சேர்ப்பதென்று முடிவானபோது, உருக்கு இழை, பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்கில் செய்த தடித்த பேரிழை ஆகிய இரண்டில் நான் உருக்கையே தேர்ந்தேன்.

எடையில் பொலிப்புரொப்பிலீன் வெல்கிறது. கனவளவில் 0.5 சதவீதம் சேர்க்க, ஒரு கனமீற்றர் கொங்கிறீற்றுக்கு உருக்கு ஏறத்தாழ 39 கிலோகிராம் வேண்டும், பொலிப்புரொப்பிலீன் 4.5 கிலோகிராம் போதும். இரண்டுமே கலவையை இறுக்கும் என்பதால், மேசன்மார் தண்ணீர் ஊற்றித் தளர்த்திவிடாமல் கவனிக்க வேண்டும்.

இழையிட்டால் கம்பியைக் குறைக்கலாம் என்ற பேச்சை அப்படியே நம்பக் கூடாது. வெறும் கொங்கிறீற் பீம் வெடித்தவுடன் முறிந்துவிடும். இழையோ வெடிப்பின் இரு முகங்களையும் பற்றிக்கொண்டு இழுவிசையின் ஒரு பகுதியைத் தாங்கும். ஈஎன் 14651 என்ற ஐரோப்பியத் தரநிலையின் வளைவுச் சோதனையில், 2.5 மில்லிமீற்றர் வெடிப்புத் திறப்பின்போது எஞ்சியிருக்கும் வளைவு வலிமையை மூன்றால் வகுத்து வடிவமைப்புக்கான இழுவலிமையைப் பெறுவது எளிய முறை. 200 மில்லிமீற்றர் அகலமும் 300 மில்லிமீற்றர் உயரமும் உள்ள பீமில் 12 மில்லிமீற்றர்க் கம்பிகள் இரண்டு இருந்து, அந்த எஞ்சிய வலிமை 3 மெகாபாஸ்கல் என்று கொண்டால், பாதுகாப்புக் காரணிகளுக்குப் பின் இழை தரும் வளைவுத் திருப்பம் (வளைவைத் தாங்கும் திறன்) கம்பி தருவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே இழையின் உண்மையான பயன் வெடிப்பை ஒடுக்கமாக வைத்திருப்பதில் இருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்ததும் அதுவே. கடலருகே உருக்கு கறள் பிடிக்கும், ஆகவே பிளாஸ்ரிக் இழையே நல்லது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் உருக்கின் மீள்தன்மைக் குணகம் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் விறைப்பின் அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கலாக இருக்க, பொலிப்புரொப்பிலீன் பேரிழைகளுக்கு அது பெரும்பாலும் 10 அளவிலோ அதற்குக் கீழோதான் இருக்கும். எனவே அதே விசையைத் தாங்குவதற்குள் வெடிப்பு கூடுதலாகத் திறந்துவிடும். அதோடு, கூரைச் சுமைபோல் ஆண்டுக்கணக்கில் நீங்காத சுமையின் கீழ் பொலிமர் மெல்ல மெல்ல நீளும், வெப்பம் அதை விரைவாக்கும்; திருகோணமலை வெயிலைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெடிப்பு அகன்றால் உப்பு கம்பியை எட்டும், கம்பியின் கறள் கொங்கிறீற்றைப் பிளக்கும். அதன் பிறகு வருவது கொத்திப் பூசும் செலவு. உருக்கு இழையோ குட்டையாகவும் மெல்லியதாகவும் ஒன்றோடொன்று தொடராமலும் கிடப்பதால், மேற்பரப்பில் அது கறள் பிடித்தாலும் கம்பியை மூடியிருக்கும் கொங்கிறீற்றைப் பிளக்குமளவுக்கு வீங்காது. பழுப்புப் புள்ளிகள் தெரியலாம். பெயின்ற் அடித்தால் மறைந்துவிடும். (வீட்டுக்காரரிடம் இதை முன்னரே சொல்லிவைப்பது நல்லது.)

இவையெல்லாம் ஒடுங்கிய வெடிப்புக்கே பொருந்தும். வெடிப்பு அகன்றுவிட்டால் அதைக் கடந்து நிற்கும் உருக்கு இழையும் அரிக்கப்பட்டு வலுவிழக்கும். அலை நேரடியாகத் தெறிக்கும் இடத்தில் நான் இதைப் போட்டதில்லை. அங்கே பொலிப்புரொப்பிலீன் முந்தக்கூடும். நிலத்தில் கிடக்கும் தளம், நடைபாதை போன்றவற்றுக்கும் அதையே எடுப்பேன், ஏனெனில் அங்கே நீடித்த வளைவுச் சுமை குறைவு.

எதை வாங்கினாலும், கனமீற்றருக்கு எத்தனை கிலோ என்பதோடு நிறுத்தாமல், உங்கள் கொங்கிறீற்றுத் தரத்திலேயே 0.5, 2.5 மில்லிமீற்றர்த் திறப்புகளில் எஞ்சிய வலிமை எவ்வளவு என்ற சோதனை முடிவையும் விற்பவரிடம் கேளுங்கள்.