பைலட் பாவிக்கிற ஜிபிஎஸ் என்று சொல்லிப் போட்டுக்காரருக்கு விற்கிறார்கள், கவனம்

வாழைச்சேனை, கல்குடா, பாலமீன்மடு, நாவலடிப் பக்கம் சின்ன ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர்களும், அவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கிற வீட்டுக்காரரும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் பாவித்த ஜிபிஎஸ் செட்களை, "வெளிநாட்டில பைலட்மார் பாவிச்சது, கடலுக்கு இதைவிடத் திறமான சாமான் இல்ல" என்று சொல்லி விற்கிறார்கள். அக்காவின் புருஷனுக்காக 65,000 ரூபா கொடுத்து ஒன்று வாங்கினோம். அது உண்மையிலேயே சின்ன ப்ளேன் ஓட்டுகிறவர்கள் பாவிக்கிற செட்தான், அதில் பொய் இல்லை. மற்றதெல்லாம் பொய்.

மச்சான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. வலை போட்ட இடத்தையும், மீன் படுகிற பார் என்கிற கடலடிக் கல்லுத் திட்டையும் குறித்து வைக்க வேண்டும், இருட்டினாலும் கரைக்கு வழி காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவருடைய அப்பா காலத்தில் வெளிச்சவீடு, குடும்பிமலை என்று கரையைப் பார்த்து நேர்பிடித்தே இடம் கண்டுபிடிப்பார்களாம், ஆனால் மழை மூடினால் மலையும் தெரியாது ஒன்றும் தெரியாது. கடைக்காரர் செட்டைப் போட்டு மட்டக்களப்பு எயார்போட்டின் ஓடுபாதையைத் திரையில் காட்டி, "பாருங்க தம்பி, நம்மட ஊரே இருக்குது, உலகம் முழுக்க மேப் இருக்கு" என்றார். எயார்போட் இருந்தது. அம்பாறை எயார்போட்டும் இருந்தது. கடலில்தான் ஒன்றும் இல்லை, கரையைத் தாண்டினால் வெறும் நீலம், ஆழமும் இல்லை பாரும் இல்லை.

அதில் கிட்ட இருக்கிற இடத்தைக் காட்டுவதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. மச்சான் ஒரு நாள் பொழுதுபட்ட நேரம் அதை அமத்தியிருக்கிறார், கிட்ட இருக்கிற துறை வரும் என்று நினைத்து. வந்தது விமான ஓடுபாதைகளின் பட்டியல், மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை சீனன்குடா என்று வரிசையாக. இன்னொரு பக்கத்தைத் திறந்தால் கரை முழுக்கச் சிவப்பு. மெல்பேர்னில் இருக்கிற சித்தப்பாவின் மகன் லீவு நாட்களில் சின்ன ப்ளேன் ஓட்டுகிறவன், அவனுக்குப் படம் அனுப்பினேன், சிரித்துவிட்டுத்தான் பேசினான். அந்தப் பட்டன் எஞ்சின் நின்றால் எங்கே இறக்கலாம் என்று பார்ப்பதற்காம். சிவப்பு, ப்ளேனின் உயரத்துக்கு மேலே நிற்கிற நிலத்தைக் காட்டுகிற எச்சரிக்கையாம். கடல் மட்டத்தில் இருக்கிற போட்டுக்கு ஊரே மலைதானே.

அவனே இன்னொன்றையும் கேட்டான், செட் திறக்கும்போது வருகிற திகதிகளைப் பார்த்தாயா என்று. விமானத் தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை, எங்களுடையதில் அவை காலாவதியாகிப் பல வருடம். அதைவிடப் பெரிய குட்டு, செட் காட்டிய இன்றைய திகதியே இருபது வருடத்துக்குக் கிட்டப் பின்னால் நின்றது. ஜிபிஎஸ் செய்மதிகள் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டுத் திரும்பச் சைபரிலிருந்து தொடங்கும், கடைசியாக 2019 ஏப்ரல் 6 இரவு அப்படித் தொடங்கியது. பழைய மென்பொருள் உள்ள செட்கள் அதோடு குழம்பிப் பழைய வருடத்தைக் காட்டத் தொடங்கிவிடும். இடத்தை அநேகமாகச் சரியாகத்தான் காட்டும், ஆனால் சூரியன் உதிக்கிற நேரம், நிலவு நேரம் எல்லாம் பிழை. கடைக்காரரிடம் கேட்டால், "அது மணிக்கூடு மாதிரி, நீங்களே செட் பண்ணலாம்" என்கிறார். பண்ண முடியாது, திகதியை அது செய்மதியிலிருந்துதான் எடுக்கிறது. அதனால் பாவித்த செட் எதை வாங்கினாலும் கடைக்கு வெளியே வானம் தெரிகிற இடத்தில் போட்டு முதலில் திகதியைப் பாருங்கள். நெடுநாள் சும்மா கிடந்த செட்டுக்குச் செய்மதி பிடிக்கக் கால் மணித்தியாலமும் எடுக்கும், அவசரப்படுத்தினால் விடாதீர்கள்.

இனி வருவதுதான் ஆபத்தான விஷயம். பழைய கொப்பியில் மச்சான் எழுதி வைத்திருந்த இடங்களைப் புதுச் செட்டில் ஏற்றித் தருவதாகச் சொல்லி 3,000 ரூபா வேறு எடுத்தார்கள். கொப்பியில் இருந்தது பாகையும் கலையும், ஒரு பாகைக்கு அறுபது கலை. செட்டில் இருந்த அமைப்பு பாகை மட்டும், தசமத்தில். கடைப் பையன் இரண்டையும் ஒன்றாக நினைத்து அடித்துவிட்டான். உண்மையான இடத்தைச் சொன்னால் மச்சான் என்னைக் கொல்லுவார், அதனால் ஒரு உதாரணம்: கொப்பியில் வடக்கு 7 பாகை 51.3 கலை, கிழக்கு 81 பாகை 40.2 கலை என்று இருந்தால் அது கடல். அதையே 7.513, 81.402 என்று அடித்தால் கிட்டத்தட்ட 38 கிலோமீற்றர் தெற்கே இறங்கி, கரையும் ஏறி, அம்பாறை மாவட்டத்தில் மகாஓயாவுக்குக் கிட்டக் காட்டுக்குள் போய் நிற்கும். வடக்குத் தெற்காக ஒரு கலை என்றால் ஒரு கடல் மைல், 1852 மீற்றர். நல்ல காலம் பார்கள் எல்லாம் தரைக்குப் போய்விட்டதால் பிழை உடனே தெரிந்தது, கரைக்கு வருகிற வழியில் ஒரு புள்ளி இப்படிக் கொஞ்சமாக மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா இன்னும் கேட்கிறா.

பற்றரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிச் செட் ப்ளேனின் மின்சாரத்தில் செருகி ஓட்டுவதற்குச் செய்தது, தனியாகச் சில மணித்தியாலம்தான் நிற்கும். கையால் இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற எஞ்சின் உள்ள எங்கள் போட்டில் எங்கே செருகுவது? பிறகு தூவானம் பட்டு சார்ஜ் போடுகிற ஓட்டை பச்சை பிடித்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால் "தண்ணி பட்டிருக்கே" என்கிறார், கடலுக்கென்று கேட்டு வாங்கிய சாமானுக்கு! பில்லில் "எலக்ட்ரோனிக் சாமான் 1" என்று மட்டும் எழுதியிருந்தது, அதற்கு மேல் பேச இடம் இல்லாமல் பண்ணிவிட்டார்கள். மாடல் பெயர், பாவித்ததா புதிதா, எதற்காக விற்றது, மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் வெளியே வாருங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், நாங்களும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

சின்னப் போட்டுக்குத் தேவை கையடக்கமான மரைன் செட்தான். கடைகளில் எங்கும் கிடைக்கிற டபுள் ஏ பற்றரி இரண்டில் ஓட வேண்டும், ஈரக் கையால் அமத்தக் கூடிய பட்டன் இருக்க வேண்டும், தொடுதிரை ஈரத்தில் சரிவராது. ஐபிஎக்ஸ் 7 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். தவறி விழுந்தால் மிதக்கிறதும் உண்டு, காசு கொஞ்சம் கூட என்றாலும் அதையே எடுங்கள். மெல்பேர்ன்காரனும் தன் ப்ளேனுக்கு வெயிலில் தெரிகிற திரையும் குலுக்கத்தில் தடவாமல் அமத்தக் கூடிய பட்டனும்தான் முதலில் பார்த்தானாம், மற்ற அலங்காரம் எதையும் அவன் தொடுவதே இல்லை.

கடையின் பெயரைக் கேட்டு எழுதாதீர்கள், முறைப்பாடு முடியும்வரை சொல்ல மாட்டேன். ஆனால் அதே மாதிரி இன்னொன்று அங்கே கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது, கறுப்பு நிறம், ஓரத்தில் கீறல், இப்போது 58,000 என்கிறார்கள்.