உருவிவிடுபவரா, பிசியோதெரபிஸ்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத் திடலில் பந்தாடும் பிள்ளைக்குக் கணுக்கால் மடங்கினால், முதலில் உருவிவிடும் பெரியவரிடம்தான் ஓடுகிறோம். அவர் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். தசைப்பிடிப்புக்கு அவரே போதும். ஆனால் அடிபட்ட உடனே உருவுவது ஆபத்து. பிசியோதெரபிஸ்ட், அதாவது இயன்முறைச் சிகிச்சையாளர், முதலில் கணுக்கால் எலும்பின் பின் விளிம்பை அழுத்திப் பார்ப்பார். நான்கு காலடி எடுத்துவைத்து நடக்கச் சொல்வார். அழுத்திய இடத்தில் வலித்தாலோ நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்.

சட்டமும் வேறு. பிசியோதெரபிஸ்டுக்கு 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டம். உருவிவிடுதல் போன்ற பாரம்பரிய மருத்துவத்துக்கு அதே ஆண்டின் 775ஆம் சட்டம். யாரிடம் போனாலும் பதிவுச் சான்றைக் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இறுதி ஆட்டமே ஆனாலும், "இன்று இவன் ஆடக்கூடாது" என்று பயிற்சியாளரிடம் நேருக்கு நேர் சொல்பவரிடமே என் பிள்ளையை ஒப்படைப்பேன்.