ஞாயிறு காலையின் ஒன்றரை மணி நேரமும் வாரத்தின் மதியச் சாப்பாடும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

2023 ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த வாரத்தில் எங்கள் வீட்டில் ஒரு சமையல் முறையைத் தொடங்கினேன். அந்த முறையைப் பற்றியும், அதற்கென்று வாங்கிய எவர்சில்வர் டிபன் பாக்ஸைப் பற்றியும் இரண்டரை ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன், காலை 7.40 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். மகள் எட்டாம் வகுப்பும் மகன் நான்காம் வகுப்பும் படிக்கிறார்கள். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. அவருக்குத் தொழிற்சாலையிலேயே சாப்பாடு கிடைத்துவிடுகிறது. ஆகவே நாள்தோறும் நான் கட்ட வேண்டியவை மூன்று டப்பாக்கள்.

சமையல் சலித்துப்போய்விட்டது என்று நான் சொல்லத் தொடங்கியபோது, அடுப்பு முன்னால் நிற்பதுதான் சலிப்பு என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையான சலிப்பு முந்தைய இரவே தொடங்கிவிடும். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பத்து மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, நாளைக்கு என்ன கட்டுவது என்று யோசித்துக்கொண்டு நிற்பேனே, அந்த ஐந்து நிமிடம்தான் என்னைத் தேய்த்தது. பல ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். அதற்கும் தெம்பில்லாத நாட்களில் அலுவலகத்துக்கு அருகில் சாப்பாடு வாங்கிக்கொள்வேன். மூன்று மணிக்குக் கண் சொக்கும். நான்கு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் தேவைப்படும். 2023 ஏப்ரலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.0 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பதை என் அம்மாவின் நோயிலிருந்தே அறிந்திருந்தேன். அந்தக் காகிதம் கையில் வந்த பிறகு, மதியச் சாப்பாட்டைத் தற்செயலுக்கு விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

முதலில் செய்த முயற்சி முழுத் தோல்வி. வாரம் முழுவதற்குமான சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமையே சமைத்து டப்பாக்களில் உறைய வைத்தேன். அன்று நான்கு மணி நேரம் சமையலறையிலேயே போயிற்று. உறைந்து உருகிய உருளைக்கிழங்கு மாவாக உதிர்ந்தது. கத்தரிக்காய் நாராகத் தொங்கியது. புதன்கிழமைக்குள் பிள்ளைகள் இருவரும் பாதி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூன்று வாரத்தில் அதை விட்டுவிட்டேன். நம் சமையலின் சுவையில் பெரும்பகுதி கடைசி ஐந்து நிமிடத் தாளிப்பில் இருக்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமையே செய்து முடித்துவிட்டால், வியாழக்கிழமைச் சாப்பாட்டில் உயிர் இருக்காது.

அதன்பின் நிலைத்த முறை எளிமையானது. குழம்பையோ பொரியலையோ முன்கூட்டிச் செய்வதில்லை. அவற்றுக்கான உறுப்புகளை மட்டும் தயாராக வைக்கிறேன். வேகவைத்த பயறு, ஒரு தொக்கு அல்லது புளிக்காய்ச்சல், ஒரு பொடி, நறுக்கிய காய் ஆகிய நான்கும் கையில் இருந்தால் காலையில் சாதம் வடிப்பதும் தாளிப்பதும்தான் மிச்சம்.

சனிக்கிழமை இரவு கருப்புக் கொண்டைக்கடலையையும் காராமணியையும் தனித்தனியே ஓர் ஆழாக்கு ஊறப்போடுகிறேன். ஞாயிறு காலையில் கொண்டைக்கடலைக்கு ஆறு விசில், காராமணிக்கு மூன்று. பச்சைப்பயறுக்கு இவ்வளவு நேர ஊறல் வேண்டாம். நான்கு மணி நேரம் போதும், இரண்டு விசிலில் வெந்துவிடும். வெந்ததும் நீரை வடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, பயறை ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்துவிடுவேன். புதன் வரைக்குமானது கீழ்த்தட்டில் இருக்கும். வியாழன், வெள்ளிக்கானது உறைபெட்டிக்குப் போகும். பயறு மட்டும் உறைந்து உருகினாலும் சுவை மாறுவதில்லை என்பது இந்த இரண்டரை ஆண்டில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம். முந்தைய இரவு மறக்காமல் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தால் போதும்.

குக்கர் விசிலடிக்கும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் தொக்கு வற்றிக்கொண்டிருக்கும். தக்காளி மலிவாக இருக்கும் மாதங்களில் ஒன்றரைக் கிலோ தக்காளியைப் போட்டால் ஒரு பாட்டில் தொக்கு கிடைக்கும். பத்து நாள் தாங்கும். நான் தொடங்கிய அடுத்த மாதமே தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது பலருக்கு நினைவிருக்கும். அப்போது கைகொடுத்தது புளிக்காய்ச்சல்தான். புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து அதைக் காக்கின்றன. ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் கெடாமல் இருக்கிறது. நல்லெண்ணெயைக் குறைத்துச் செய்து பார்த்தேன். இரண்டாம் வாரமே மேலே பூசணம் பூத்தது. எண்ணெய் மேலே மிதக்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று என் மாமியார் சொன்னது சரி. சாதத்தில் கலக்கும்போது வேண்டுமானால் மேலெண்ணெயை ஒதுக்கிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

காய் நறுக்குவதில் எல்லாக் காயும் ஒன்றல்ல. பீன்ஸ், கேரட், முட்டைகோஸ், பீட்ரூட் ஆகியவை நறுக்கி, துணி விரித்த டப்பாவில் வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கின்றன. வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து முழுதாக வைக்க வேண்டும். நறுக்கி வைத்தால் கொழகொழத்துவிடும். கீரையை ஆய்ந்து வைப்பதோடு சரி. அலசுவதும் நறுக்குவதும் சமைக்கும் அன்றுதான். வாழைப்பூவை வார நாட்களில் நான் தொடுவதே இல்லை. அது ஞாயிற்றுக்கிழமைக் காய்.

இப்படி இருந்தால் காலை 6.30 மணிக்குத் தொடங்கும் வேலை 7.05 மணிக்கு முடிந்துவிடுகிறது. திங்கள் கலந்த சாதம், செவ்வாய் சப்பாத்தி, புதன் பருப்புப்பொடி சாதம், வியாழன் தயிர் சாதம், வெள்ளி மாவில் செய்யும் ஏதாவது ஒன்று என்று நாளுக்கு ஒரு வகையை மட்டும் குறித்துக்கொண்டேன். இன்ன நாள் இன்ன காய் என்று ஒரு பட்டியல் எழுதி ஒட்டியதும் உண்டு; சந்தையில் அந்தக் காய் இல்லாத வாரத்தில் அது என்னைக் குற்றவாளிபோல் உணரவைத்தது. கிழித்துப்போட்டேன். வகை நிலையாகவும் காய் கைக்குக் கிடைத்ததாகவும் இருப்பதுதான் சரிப்பட்டது. இரவு பத்து மணிக் கேள்வி நின்றதும் இதனால்தான்.

அளவைப் பொறுத்தவரை என் கண்ணைத் திறந்தது, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல். நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, மாமிசம், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அதுவரை ஒரு கரண்டிப் பொரியலை வைத்துவிட்டுக் காய் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். 400 கிராம் காயைத் தராசில் வைத்துப் பார்த்த அன்று, அதில் பாதியாவது மதிய டப்பாவுக்குள் போகாவிட்டால் அந்த நாளில் அது எட்டவே எட்டாது என்று புரிந்தது. எங்கள் டிபன் பாக்ஸில் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. இரு பக்கமும் ஏறக்குறைய சம அளவு. முன்பு பெரிய வட்ட டப்பாவில் சாதத்தை நிரப்பி, மூடியோடு வரும் சின்னக் கிண்ணத்தில் காயை வைப்பேன். இப்போது ஒரு பக்கம் முழுவதும் காயும் சுண்டலும், மறுபக்கம் சாதம். பாத்திரத்தின் வடிவமே அளவைக் கட்டுப்படுத்துகிறது. காலை அவசரத்தில் நான் எதையும் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

சுண்டலில் எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே பிழிகிறேன். பயறில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது; அந்த வைட்டமினோ சூட்டில் அழிகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதலில் உண்டு. இரண்டு மணிக்கு வரும் அலுவலக டீயைத் தள்ளிவைப்பது முதல் மாதம் கடினமாகத்தான் இருந்தது.

கெட்டுப்போவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் சென்னையில் இருக்கிறோம், மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். முதல் கோடையில் தேங்காய் தூவிய அவரைக்காய்ப் பொரியல் மதியத்துக்குள் ஊசிப்போயிற்று. அன்றிலிருந்து மார்ச் முதல் ஜூன் வரை டப்பாவுக்குப் போகும் பொரியலில் தேங்காய் கிடையாது. வறுத்துப் பொடித்த வேர்க்கடலையோ எள்ளோ தூவுகிறேன். சூடான சாதத்தை உடனே மூடினால் ஆவி நீராகி மூடியிலிருந்து சொட்டும். ஆகவே தட்டில் பரப்பி, பத்து நிமிடம் ஆவி போன பிறகே கட்டுகிறேன். முந்தைய இரவு மீந்த சாதத்தை வெளியே வைத்திருந்து, காலையில் தாளித்துப் பிள்ளைகளுக்குக் கட்டுவதை முழுவதுமாக நிறுத்திவிட்டேன். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சாதம் வெளியில் கிடக்கும்போது பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. இதை அறிந்த பிறகு பத்து நிமிட லாபத்துக்காகத் துணிய மனம் வரவில்லை.

தயிர் சாதத்துக்கு நம் வீடுகளில் வழிவழியாக வரும் முறையே சிறந்தது. குழைய வடித்த ஒரு கப் சாதத்தை மசித்து, காய்ச்சி ஆறிய பால் ஒன்றரைக் கப், தயிர் ஒரே ஒரு மேசைக்கரண்டி. ஒரு மணிக்குத் திறக்கும்போது புளிக்காமல், அப்போதுதான் தோய்ந்ததுபோல் இருக்கும். மாதுளை முத்துக்களைச் சேர்த்தால் மகன் டப்பாவை வழித்துவிடுகிறான்.

சிறுதானியத்தைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம். சாமையும் வரகும் வீட்டில் சூடாகச் சாப்பிட நன்றாக இருக்கின்றன. டப்பாவில் ஐந்து மணி நேரம் கிடந்தால் உதிர்ந்து, தொண்டையில் அடைக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீருக்குப் பதில் மூன்று பங்கு வைத்துக் குழைத்து, தயிர் சாதமாக்கும்போது மட்டும் அந்தக் குறை தெரிவதில்லை. எனவே வியாழக்கிழமைகளில் மட்டும் சாமை. மற்ற நாட்களில் அரிசியே, அளவைத்தான் குறைத்திருக்கிறேன்.

இனி டிபன் பாக்ஸ். 304 என்ற தர எண்ணை அடியில் பொறித்த எவர்சில்வரில், நான்கு பக்கமும் கிளிப் வைத்த, 750 மில்லி கொள்ளளவுள்ள மூன்றை வாங்கினேன். புளி, எலுமிச்சை எதற்கும் உலோகம் நிறம் மாறவில்லை. குறை ரப்பர் வளையத்தில்தான். தொக்கின் நிறமும் வாசனையும் அதில் ஏறிவிடும். வாரம் ஒருமுறை கழற்றி, வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டு ஊறவைத்தால் வாசனை குறையும். பதினான்காம் மாதத்தில் மகளின் டப்பாவில் வளையம் தளர்ந்து, மோர்க்குழம்பு புத்தகப்பைக்குள் இறங்கிவிட்டது. மாற்று வளையம் தனியாகக் கிடைத்ததால் டப்பா பிழைத்தது. வாங்கப் போகிறவர்கள், வளையம் தனியாக விற்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஒரு கிளிப் பதினெட்டாம் மாதம் ஆடத் தொடங்கியது. பாத்திரக் கடையில் தட்டி இறுக்கிக் கொடுத்தார்கள், இன்றுவரை நிற்கிறது. நடுத் தடுப்புக்கு மேல் நீர் புகும் என்பதால் ரசம், குழம்புக்குத் தனியாகத் திருகு மூடிச் சம்புடம் வேண்டும். சூடு காக்கும் கேரியர் ஒன்றையும் எட்டு மாதம் சுமந்தேன். ரசம் சூடாக இருந்தது உண்மை. ஆனால் பீன்ஸ் நிறம் வெளுத்துத் தொளதொளத்தது, தயிர் சாதம் அந்த வெதுவெதுப்பில் புளித்தே போனது. ரயில் கூட்டத்தில் அதன் கனமும் சேர்ந்துகொண்டதால் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பலன் என்று கேட்டால், மூன்று மணித் தூக்கம் பெருமளவு குறைந்திருக்கிறது. சென்ற ஆண்டு எடுத்த பரிசோதனையில் சர்க்கரை அளவு 5.7. இதற்கு டப்பா மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மாலையில் அரை மணி நேரம் நடக்கவும் தொடங்கியிருந்தேன். வெளியில் வாங்கிச் சாப்பிடுவது வாரத்தில் மூன்று நாளிலிருந்து மாதத்தில் இரண்டு நாளாக இறங்கியிருக்கிறது.

இந்த முறைக்குக் கொஞ்சம் பெரிய உறைபெட்டியும், ஞாயிறு காலையை விட்டுக்கொடுக்க ஒருவரும் வேண்டும். ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் கணவர்தான் காய் நறுக்குகிறார். அவர் இல்லாத ஞாயிறுகளில் ஒன்றரை மணி நேரம் இரண்டேகாலாக நீள்கிறது. ஒருவர் மட்டுமே எல்லாவற்றையும் சுமந்தால் இந்த முறை ஆறு மாதம்கூட ஓடாது என்பது என் எண்ணம். வீட்டில் திருமணம், காய்ச்சல், ஊர்ப்பயணம் வரும் வாரங்களில் முன்தயாரிப்பு இல்லாமலே போகும். அப்போது ஓட்டோடு வேகவைத்த முட்டை, பொடி தடவிய இட்லி, ஒரு கொய்யா என்று கட்டிவிடுகிறேன். முட்டையை ஓடு உரிக்காமலே கொடுத்தனுப்பினால் வாடையும் வராது, சீக்கிரம் கெடவும் செய்யாது.

வியாழக்கிழமை இன்னும் சரியாக அமையவில்லை. ஞாயிறு நறுக்கிய காய் அதற்குள் தீர்ந்துவிடுகிறது, புதன் மாலை ரயிலிறங்கிச் சந்தைக்குப் போக எல்லா வாரமும் முடிவதில்லை. இந்த மாதம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முருங்கை மரத்தை நம்பி, சாமைத் தயிர் சாதத்துக்குத் துணையாக முருங்கைக்கீரையும் காராமணியும் சேர்த்துப் பிரட்டிக் கட்டிப் பார்க்கிறேன். மகளுக்குப் பிடித்திருக்கிறது; மகன் கீரையை ஒதுக்கிவிட்டுக் காராமணியை மட்டும் எடுத்துக்கொள்கிறான்.